'வேண்டாம்' என்று எழுதிவிட்டு வழிவிட்டவர்கள்

நான் முன்பு வேலை பார்த்த ரசாயன ஆலையில் எனக்கு மேலதிகாரியாக இருந்த ஒருவரோடு பல வருடமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார், நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன், ஆனாலும் போனில் பேச ஆரம்பித்தால் எப்படியாவது அந்த இடத்துக்கு வந்து நின்றுவிடுவோம். சொந்தத் தகராறெல்லாம் ஒன்றும் கிடையாது. 2006 ஜூன் மாதம் புளோரிடாவில், கென்னடி விண்வெளி மையத்தில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிய சண்டை. அந்தக் கூட்டத்தில் நாசாவின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் பிரையன் ஓ'கானர், தலைமைப் பொறியாளர் கிறிஸ் ஸ்கோலீஸ் இரண்டு பேரும், எரிபொருள் டேங்கின் நுரை பிய்ந்து அடிக்கும் ஆபத்து இருப்பதால் டிஸ்கவரி விண்ணோடம் இப்போது கிளம்பக் கூடாது என்பதே தங்கள் முடிவு என்று எழுத்தில் பதிந்தார்கள். பதிந்த கையோடு, இதை எதிர்த்து மேற்கொண்டு முறையிடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். ஜூலை 4 அன்று ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஓடம் கிளம்பிப் போனது.

"வேண்டாம்னு எழுதிட்டு வழியும் விட்டா அது என்ன வேண்டாம்?" என்பார் சார். "நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நான் அப்பவே சொன்னேன்னு எடுத்துக் காட்ட ஒரு பேப்பர். அவ்வளவுதான். இதுக்கா இவ்வளவு மரியாதை?" எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைப் போனில் ஒழுங்காகச் சொல்ல ஒருநாளும் வாய்த்ததில்லை, அவர் இடையில் பேசிவிடுவார். இங்கே குறுக்கே பேச ஆள் இல்லை என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

நுரை

கொலம்பியா விண்ணோடத்தின் கதையை மறுபடி முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. கல்பனா சாவ்லா பெயரில் தமிழக அரசு ஒவ்வொரு சுதந்திர தினத்திலும் துணிவுக்கான விருது கொடுக்கிறது, அந்த அளவுக்கு நம் ஊரில் பதிந்துபோன பெயர். 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய 81 நொடிகளில் வெளி எரிபொருள் டேங்கிலிருந்து நுரைக்காப்பு ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது, பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த ஓட்டை வழியாகச் சூடான வாயு உள்ளே புகுந்தது, ஏழு பேரும் போனார்கள். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்கும் புரியாமல் நிற்பது, தெர்மோகோல் மாதிரி இருக்கும் ஒரு பொருள், முக்கால் கிலோ எடை, எப்படி ஒரு இறக்கையை உடைக்கும் என்பதுதான். அந்த நேரத்தில் நாசாவுக்குள்ளேயே பலருக்கு அது புரியவில்லை. டேங்கிலிருந்து பிய்ந்ததும் அந்த லேசான துண்டைக் காற்று பிடித்து நிறுத்திவிடுகிறது. ஓடம் நிற்பதில்லை, அது இன்னும் வேகமெடுத்துக்கொண்டே போகிறது. ஆக, நுரை வந்து இறக்கையில் மோதியதைவிட, இறக்கை போய் நுரையில் மோதியது என்று சொல்வதுதான் பொருத்தம், அதுவும் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில். 2003 ஜூலையில் டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் இதே எடையுள்ள நுரைத் துண்டைப் பீரங்கி போன்ற குழாயில் வைத்து உண்மையான இறக்கைப் பலகை மேல் சுட்டுப் பார்த்தார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அதுவரை 'நுரைதானே' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அன்றோடு வாயை மூடினார்கள்.

அட்மிரல் ஹரால்ட் கெமன் தலைமையில் விசாரித்த குழு, ஓட்டைக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. 2002 அக்டோபரில், அதாவது கொலம்பியாவுக்கு மூன்றே மாதம் முன்னால், இதே இடத்து நுரை பிய்ந்து பக்கவாட்டு ராக்கெட்டின் அடிப்பகுதியில் அடித்திருந்தது. அதைப் பறக்கவிடாமல் நிறுத்துகிற அளவுக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொலம்பியா மேலே சுற்றிக்கொண்டிருந்தபோது, உளவு செயற்கைக்கோள் மூலம் இறக்கையைப் படம் எடுத்துத் தாருங்கள் என்று பொறியாளர்கள் வெவ்வேறு வழியில் கேட்டார்கள், எந்த வழியும் போய்ச் சேரவில்லை. இன்னொரு பக்கம், விண்வெளி நிலையத்தின் ஒரு முக்கியப் பகுதியை 2004 பிப்ரவரி 19-க்குள் ஏவ வேண்டும் என்பதற்காக, அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள், மணி, நொடி இருக்கிறது என்று எண்ணிக் காட்டும் ஸ்கிரீன்சேவரை மேலாளர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த ஸ்கிரீன்சேவர் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டரை வருடம் கழித்து இரண்டு நிமிடம்

கெமன் குழு 29 பரிந்துரைகள் கொடுத்தது. அதில் 15-ஐ அடுத்த முறை பறப்பதற்கு முன்பே முடிக்க வேண்டும் என்றது. அவற்றை முடித்தார்களா என்று பார்க்கத் தனியாக ஒரு குழு. 2005 கோடையில் அந்தக் குழு, 12 முடிந்தது, மூன்று முழுமையாக முடியவில்லை என்று சொன்னது. அந்த மூன்றும் எவை தெரியுமா? நுரை பிய்வதை ஒழிப்பது, ஓடத்தின் மேற்பரப்பை அடி தாங்கும்படி வலுவாக்குவது, மேலே போனபிறகு சேதத்தைப் பார்த்துச் சரிசெய்வது. கொலம்பியாவைக் கொன்றது எதுவோ அதைச் சுற்றியுள்ள மூன்றும்தான் பாக்கி. ஆனாலும் பறக்கலாம் என்று முடிவானது. இங்கே சார் 'ம்ம்' என்று ஒரு சத்தம் கொடுப்பார், அதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

2005 ஜூலை 26, டிஸ்கவரி, தளபதி ஐலீன் காலின்ஸ். கொலம்பியாவை அடித்த நுரை இருந்த இடத்தில் இப்போது நுரையே கிடையாது, அதற்குப் பதில் ஹீட்டர் வைத்திருந்தார்கள். ஏற்றத்தின் ஒவ்வொரு நொடியையும் பிடிக்கப் புதிதாகக் கேமராக்கள், டேங்கின் மேலேயே ஒன்று. பக்கவாட்டு ராக்கெட்டுகள் கழன்ற சில நொடிகளில் அந்த டேங்க் கேமராவில், ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ள நுரை ஒரு பலகை மாதிரி பிய்ந்து சுழன்றுகொண்டே போனது தெரிந்தது. இது வேறு இடத்து நுரை. டேங்கின் வெளிப்பக்கம் கேபிள்களும் குழாய்களும் ஓடும், அவற்றைக் காற்று பிய்த்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் சரிவாக ஒரு நீள மேடு, கையால் தெளித்து உருவாக்கியது. அதையும் எடுத்துவிடலாமா என்று இரண்டரை வருடத்தில் பேசினார்கள், இதுவரை பெரிதாகத் தொல்லை தரவில்லை என்று விட்டுவிட்டார்கள். துண்டு ஓடத்தின் மேல் படவில்லை. ஒரு நிமிடம் முன்னால், காற்று அடர்த்தியாக இருக்கும்போது பிய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த நாளே, ஏழு பேரும் இன்னும் மேலே இருக்கும்போதே, விண்ணோடத் திட்ட மேலாளர் பில் பார்சன்ஸ் செய்தியாளர்கள் முன் வந்து உட்கார்ந்தார். அப்படியே பறக்கலாம் என்று நினைத்தோம், அது தப்பு, இதைச் சரிசெய்யும்வரை அடுத்தது கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பயணத்தில் மற்ற ஏற்பாடுகள் நன்றாகவே வேலை செய்தன, அதையும் சொல்ல வேண்டும். நிலையத்துக்குக் கீழே சுமார் 180 மீட்டர் தூரத்தில் ஓடத்தைக் காலின்ஸ் மெதுவாகக் குட்டிக்கரணம் போட வைத்தார், நிலையத்திலிருந்த கிரிகாலெவும் ஜான் ஃபிலிப்ஸும் வயிற்றுப் பக்கத்தை நீள லென்ஸ் வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தப் படங்களில் வெப்பம் தாங்கும் ஓடுகளுக்கு நடுவே அடைத்திருந்த துணிப்பட்டை இரண்டு இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஸ்டீவ் ராபின்சன் இயந்திரக் கையின் நுனியில் நின்றபடி ஓடத்தின் அடியில் போய் இரண்டையும் விரலால் இழுத்து எடுத்தார். ரம்பம் எல்லாம் கொண்டுபோயிருந்தார், தேவைப்படவில்லை.

யார் கை பட்டது

எனக்கு அடுத்து நடந்ததில்தான் மனம் போய் ஒட்டிக்கொண்டது. நுரை பிய்ந்த இடத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டினால், நியூ ஆர்லியன்ஸில் டேங்குகளைச் செய்யும் மிஷூ தொழிற்சாலையில் அந்த மேட்டில் ஒரு பழுது பார்த்த குறிப்பு கிடைத்தது. வேலை செய்யும்போது யாரோ தெரியாமல் அழுத்தியிருக்கிறார்கள், பிறகு சரிசெய்திருக்கிறார்கள். சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று பலருக்கும் தோன்றியது. ஆலையில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். விபத்து அறிக்கையில் 'மூல காரணம்' என்ற இடத்தில் ஒரு ஆளின் கை கிடைத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வரும், ஏனென்றால் கையை மாற்றினால் போதும், இயந்திரத்தை மாற்ற வேண்டியதில்லை. நான் இருந்த ஆலையில் அப்படி எழுதிய அறிக்கைகளை அடுக்கினால் ஒரு அலமாரி தேறும்.

அதே ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியது. மிஷூவில் 38 பேர் வீட்டுக்குப் போகாமல் உள்ளேயே தங்கிப் பம்புகளை ஓட்டி டேங்குகள் இருந்த ஆலையைத் தண்ணீரில் மூழ்காமல் காப்பாற்றினார்கள். வீடு போனவர்கள்கூட வேலைக்குத் திரும்பி வந்தார்கள். நுரை பிய்ந்ததற்குப் பழி சுமந்துகொண்டிருந்த அதே ஆலைக்காரர்கள்தான்.

அப்புறம் அங்கே ஒரு டேங்கை எக்ஸ்ரே போன்ற சோதனைகளால் பார்த்தார்கள். பறக்காத டேங்க் அது. ஏவுதளத்தில் வைத்து மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரி திரவ ஆக்சிஜனையும் இரண்டு முறை நிரப்பி, வடித்து, சோதனை முடிந்து கழற்றித் திருப்பி அனுப்பியது. அதன் நுரை மேட்டுக்குள் விரிசல்கள் இருந்தன. யாரும் அழுத்தவில்லை, யாரும் தவறாகத் தெளிக்கவில்லை. குளிரும்போது உலோகமும் நுரையும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, தடிமனான நுரை உள்ளே கிழிகிறது, வெளியே ஒன்றும் தெரியாது. எத்தனை கவனமாகச் செய்தாலும் அந்த மேடு இருக்கும்வரை விரிசல் விடத்தான் செய்யும். பார்சன்ஸுக்குப் பின் திட்ட மேலாளரான வேய்ன் ஹேல் பிற்பாடு இதைப் பற்றி எழுதியபோது, தொழிலாளர்கள் மேல் பழி போட்டது தப்பு என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். 2005-ல் பறக்கும் முன் 'சரிசெய்துவிட்டோம்' என்று சொன்னவர்களுக்கு நுரை ஏன் பிய்கிறது என்பதே அப்போது தெரியாது. சரிசெய்தது அறிகுறியை. இதைத் தெரிந்துகொண்ட மனிதர்கள்தான் 2006 ஜூன் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சாரிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது.

ஜூன் 17

மேட்டை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். காற்றுச் சுரங்கத்தில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்து, அது இல்லாவிட்டாலும் கேபிள்கள் தாங்கும் என்று நம்பிக்கை வந்த பிறகு. விண்ணோடம் பறக்க ஆரம்பித்த காலத்திலிருந்து அதன் வெளித்தோற்றத்தில் காற்றோட்டத்தைப் பாதிக்கும்படி செய்த மிகப்பெரிய மாற்றம் என்று அதைச் சொன்னார்கள். மிச்சம் இருந்தவை, அதே குழாய்களைத் தாங்கும் உலோகப் பிடிகளின் மேல் ஐஸ் கட்டாமல் இருக்கப் பூசிய சின்னச் சின்ன நுரைக் குவியல்கள். டேங்க் நெடுக நிறைய. அவற்றிலிருந்தும் பிய்ந்திருக்கிறது. நாசாவின் சொந்த ஆபத்து அட்டவணையில் இது 'நடக்கக்கூடியது' என்ற வரிசையிலும் 'பேரழிவு' என்ற பத்தியிலும் விழுந்தது. அந்தக் கட்டம் சிவப்பு. சாதாரணமாகச் சிவப்புக் கட்டத்தோடு பறக்கக் கூடாது.

இரண்டு நாள் நடந்த அந்தக் கூட்டத்தில் திட்டக்காரர்கள் தரப்பில் சொன்னதும் அர்த்தமில்லாததல்ல. ஒரே நேரத்தில் இரண்டு பெரிய மாற்றம் செய்யாதே, மேட்டை எடுத்ததே பெரிய மாற்றம், அதைப் பறந்து பார்த்துவிட்டு அடுத்ததில் கை வை. அவசரமாகப் புது வடிவம் வைத்தால் அது இதைவிட மோசமாகப் பிய்யலாம். எந்த ஆலையிலும் நல்ல பொறியாளர் இதைத்தான் சொல்வார். ஓ'கானர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வெறும் கோப்புப் பார்க்கிற ஆள் இல்லை, 1985-லும் 1991-லும் விண்ணோடத்தில் பறந்தவர், இரண்டாவது முறை தளபதியாக. ஸ்கோலீஸும் ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் சொன்னது ஏறக்குறைய இதுதான்: ஓடத்தை இழக்கும் ஆபத்து ஏற்கக்கூடிய அளவில் இல்லை, நுரைக் குவியலைச் சரிசெய்துவிட்டுப் பறக்க வேண்டும். ஆனால் ஏற்றத்தில் அடிபட்டால் அது மேலே போனதும் தெரிந்துவிடும், குழுவினர் விண்வெளி நிலையத்தில் தங்கிக் காத்திருக்கலாம், ஆகவே இது ஆட்களின் உயிர் ஆபத்து என்ற வகையில் வரவில்லை, அதனால் எதிர்த்து முறையிடவில்லை.

நாசா நிர்வாகி மைக்கேல் கிரிஃபின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பறக்கலாம் என்றார். யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பதை மறைக்காமல் செய்தியாளர்களிடம் பேசினார்கள். இது என் முடிவு என்று கிரிஃபின் ஏற்றுக்கொண்டார். இன்னொரு ஓடத்தை இழந்தால் திட்டத்தையே மூடிவிடச் சொல்வேன் என்றும் சொன்னார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று என்னை இன்றும் உறுத்துகிறது. 2010-ல் விண்ணோடத்தை ஓய்வுபெற வைக்க வேண்டும், நிலையத்தைக் கட்டி முடிக்க வேண்டும், இப்போது தள்ளிப்போட்டால் கடைசி வருடங்களில் அவசரம் கூடும், அந்த அவசரம் இதைவிட ஆபத்து என்றார். கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் இது ஸ்கிரீன்சேவரை வேறு முகத்தோடு கொண்டுவந்து நிறுத்துவது இல்லையா? மூன்று வருடம் முன்னால் கெமன் குழு எதைச் சுட்டிக் காட்டியதோ, அந்தத் தேதி நெருக்கடியையே இப்போது பறப்பதற்கான நியாயமாகச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் சாரோடு நான் பாதி உடன்படுகிறேன், அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

அவருடைய இன்னொரு கேள்விக்கும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. "நிலையத்துல தங்கலாம்ங்கிறாங்க, சரி. அவங்களைக் கூட்டிட்டு வரப் போறது எது? இன்னொரு ஓடம். அதுல இருக்கிற டேங்க்ல அதே நுரைதானே ஒட்டியிருக்கு?" ஆமாம், அதே நுரைதான். முதல் ஓடத்தை அடித்த அதே வகை நுரைக் குவியலோடு அட்லாண்டிஸ் நாலு பேரை வைத்துக்கொண்டு மீட்கக் கிளம்பியிருக்கும். அடைக்கலம் என்ற வாதத்தில் இது பெரிய பொத்தல். மாற்றியமைத்த நுரைக் குவியல்கள் முழுமையாக வந்த டேங்க் பறந்தது 2008-ல்தான், அதுவரை பல பயணங்கள் பழையதோடேயே போய் வந்தன.

எழுத இடம் இருந்தது

அப்படியானால் நான் எதற்கு ஓ'கானர் பக்கம் நிற்கிறேன்? ஆலையில் ஒரு விபத்துக்குப் பிறகு யூனிட்டைத் திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு படிவம் வரும். மின்பிரிவு, கருவிப்பிரிவு, பராமரிப்பு, உற்பத்தி, பாதுகாப்பு என்று ஆளாளுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு கட்டம், ஒன்று 'ஓகே', இன்னொன்று 'என்.ஏ.', அதாவது எனக்குச் சம்பந்தமில்லை. வேண்டாம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. மனம் ஒப்பாதவர் என்ன செய்வார் என்றால், லீவு போட்டுவிடுவார். இல்லை என்றால் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார், வேறு யாராவது 'ஃபார்' என்று போட்டுவிடுவார்கள். கடைசியில் படிவத்தைப் பார்த்தால் ஊரே ஒருமனதாகச் சரி என்று சொன்ன மாதிரி இருக்கும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அடியில் ஒரு சந்தேகம் இருந்ததே தெரியாது. தெரியாததால் அவர் நிம்மதியாக ஸ்விட்ச் போடச் சொல்வார்.

1986-ல் ஏழு பேரோடு சிதறிய சேலஞ்சர் விண்ணோடத்தில் நடந்தது இதன் பெரிய வடிவம். 1986 ஜனவரி 27 இரவு, பக்கவாட்டு ராக்கெட்டைச் செய்த தியோகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் வேலை செய்யாது, 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பில் எரிச்சல். கொஞ்ச நேரம் தனியாகப் பேசிவிட்டு வருகிறோம் என்று இணைப்பிலிருந்து விலகினார்கள், அந்த இடைவெளியில் ஒரு மூத்த நிர்வாகி இன்னொருவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார். திரும்ப இணைப்பில் வந்தபோது 'வேண்டாம்' காணாமல் போயிருந்தது. கென்னடியில் இருந்த தியோகோலின் ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார், யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்துப் போட்ட தாள் ஃபேக்ஸில் வந்தது. மறுநாள் காலை ஏவலாம் என்று கடைசி வார்த்தை சொன்ன உயரதிகாரிகளுக்கு இரவில் இப்படி ஒரு வாக்குவாதம் நடந்ததே தெரியாது என்று விசாரணைக் குழு கண்டது. கொலம்பியாவில் இன்னும் மோசம், அங்கே படம் கேட்ட பொறியாளர்களின் கவலை 'வேண்டாம்' என்ற நிலைக்கு வருவதற்கு முன்பே மின்னஞ்சல்களில் கரைந்துவிட்டது.

2006-ல் 'வேண்டாம்' முடிவெடுக்கிறவர் முன்னால், அவர் மேசை மேல், காரணத்தோடு, கையெழுத்தோடு இருந்தது. அதை மீறிப் போகிறோம் என்று அவர் தெரிந்தே போனார், ஊருக்கும் தெரிந்தது. மேலே போகிற ஏழு பேருக்கும் தெரிந்தது. ஓ'கானர் ஓகே என்று போட்டிருந்தால்? ஓடம் அதே நாளில்தான் கிளம்பியிருக்கும். ஆனால் சிவப்புக் கட்டம் மஞ்சளாகியிருக்கும், அடுத்த முறை பச்சையாகியிருக்கும், 2002 அக்டோபரில் நடந்த மாதிரி. அவர் அந்தக் கட்டத்தைச் சிவப்பாகவே விட்டுவைத்தார். அதனால்தான் நுரைக் குவியலை மாற்றும் வேலை நிற்காமல் நடந்து 2008-ல் முடிந்தது என்று நான் நினைக்கிறேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, ஆலையில் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சாருக்குப் பிடித்த எதிர் உதாரணம் 1988. "மெக்டொனால்டை ஓரங்கட்டினாங்க, அமெரிக்க நாடாளுமன்றம் சத்தம் போட்டதும் அவர்கிட்டயே ராக்கெட் இணைப்பைத் திருத்துற பொறுப்பைக் கொடுத்தாங்க, முழுசா திருத்தினாரு, அப்புறம்தான் பறந்தாங்க. அதுதான் முறை." உண்மை. இணைப்பில் உலோகப் பிடிப்பு கூட்டி, மூன்றாவது ஓ-ரிங் வைத்து, ஹீட்டர் சுற்றி, 1988 செப்டம்பர் 29 அன்று டிஸ்கவரி கிளம்பியது, அழகாகத் திரும்பி வந்தது, அமெரிக்காவே கைதட்டியது. அடுத்த பயணத்தைப் பற்றி மட்டும் சார் பேச மாட்டார். அதே வருடம் டிசம்பர், அட்லாண்டிஸ், ராணுவ ரகசியப் பயணம், தளபதி ஹூட் கிப்சன். பக்கவாட்டு ராக்கெட்டின் மூக்கிலிருந்து காப்புப் பொருள் உடைந்து ஓடத்தின் வலப்பக்க வயிற்றில் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அடித்திருந்தது. குழுவினர் கேமராவில் பார்த்துப் பதறிச் சொன்னார்கள். ரகசியப் பயணம் என்பதால் படத்தை மறைகுறியாக்கி, தரம் குறைத்துத்தான் அனுப்ப முடிந்தது, கீழே இருந்தவர்கள் அது வெளிச்சமும் நிழலும்தான் என்று நினைத்தார்கள். இனிப் பிழைக்க மாட்டோம் என்றே நினைத்ததாகக் கிப்சன் பிற்காலத்தில் சொன்னார். ஒரு ஓடு முழுவதுமாகவே போயிருந்தது. அந்த இடத்துக்கு மேலே தற்செயலாக ஆன்டெனாவுக்காக ஒரு கனமான உலோகத் தட்டு இருந்ததால் தப்பித்தார்கள். ஓ-ரிங் என்ற ஒற்றைக் காரணத்தை முழுசாகத் திருத்திய கையோடு, அடுத்த பயணத்திலேயே பதினான்கு வருடம் கழித்து வரப்போகிற கொலம்பியாவின் ஒத்திகை நடந்துவிட்டது, அதை யாரும் அந்தப் பெயரில் பார்க்கவில்லை.

2006 ஜூலை 4 ஏற்றத்தில் நுரை சின்னச் சின்னதாகப் பிய்ந்தது, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கொலம்பியாவுக்குப் பின் 2011 வரை மொத்தம் 22 பயணங்கள், எல்லோரும் திரும்பி வந்தார்கள். இதை வைத்துக் கிரிஃபின் சரி என்று நான் சொல்ல மாட்டேன், கொலம்பியாவுக்கு முன்னாலும் நுரை அடிபட்டுப் பல பயணங்கள் பத்திரமாகத்தான் வந்தன. 2007 ஆகஸ்டில் எண்டெவர் விண்ணோடத்தின் வயிற்றில் ஒரு ஓட்டில் நுரை பட்டு உள்ளங்கை நீளத்துக்குப் பள்ளம் விழுந்தபோது, மேலேயே பழுது பார்ப்பதா வேண்டாமா என்று நாள்கணக்கில் சோதனை செய்து, வாதாடி, தொடாமல் விடுவது என்று முடிவெடுத்தார்கள். பள்ளத்தின் அளவு, ஆழம், வெப்பக் கணக்கு எல்லாம் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அதே முடிவைச் சொல்லாமல் எடுத்திருந்தால் அதற்கும் கொலம்பியாவுக்கும் என்ன வித்தியாசம்?

2024-ல் போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கல விஷயம் வந்தபோது சார் தானாகவே போன் செய்தார். ஹீலியம் கசிவு, நிலையத்தை நெருங்கும்போது ஐந்து உந்துகருவிகள் படுத்துவிட்டன, வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் மேலே. போயிங் தரப்பில் திரும்பக் கூட்டி வரலாம் என்றார்கள், நாசா ஆகஸ்ட் 24 அன்று ஆளில்லாமல் இறக்குவது என்று முடிவெடுத்தது. அந்த அறிவிப்பில் சேலஞ்சர், கொலம்பியா இரண்டு பெயரும் வந்தன. கலம் செப்டம்பரில் ஒழுங்காகவே தரையிறங்கியது, இருவரும் அடுத்த மார்ச்சில் வேறு கலத்தில் வந்தார்கள். "பாத்தியா, வேண்டாம்னா வேண்டாம்னு நின்னாங்க" என்றார். 2006-ல் எதைச் சொல்லிப் பறக்கவிட்டார்களோ, நிலையத்தில் தங்கலாம் என்ற அதே வாதம்தான் இங்கே இறங்க வேண்டாம் என்பதற்கும் உதவியது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது வேற, இது வேற என்றார்.

ஸ்டார்லைனரின் அடுத்த பயணம் சரக்கோடு மட்டும் போகும் என்று 2025 நவம்பரில் நாசா அறிவித்தது. அது நல்லபடியாகப் போய்வந்தால் மறுபடி ஆள் ஏற்றுவதற்கான கூட்டம் ஒரு நாள் நடக்கும். அன்றைக்கு எத்தனை பேர் சரி என்றார்கள் என்பதை நான் தேடப் போவதில்லை, யாராவது வேண்டாம் என்று எழுதினார்களா, எழுதியிருந்தால் அதை யார் படித்தார்கள் என்றுதான் பார்ப்பேன். சாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.